இரண்டு நிலைக்கு ஒரே கதவு

மனிதகுலம் நெடுங்காலமாக விடை காணாமல் திணறி வந்த பெருங்கேள்விகளுள் ஒன்றுக்குத் திண்டுக்கல் வட்டார வளைகோல் வளர்ச்சிக் கழகத்தார் ஒரே பிற்பகலில், நடுவில் பிரியாணியும் சாப்பிட்டுக்கொண்டு, விடை கண்டுவிட்டார்கள். 'ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நிலைகளில் சிறந்து விளங்க இயலுமா?' என்பது அந்தக் கேள்வி. மற்ற ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட கேள்விகளை மைதானத்தில் வைத்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அது பிழையான வழி. மைதானத்தில் வெயில் அடிக்கும். பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. கழகத்தார் அதை ஏசி அறையில் வைத்துத் தீர்த்தார்கள்.

இந்த அரிய ஆராய்ச்சிக்குக் காரணமாகும் 'பாக்கியம்' பெற்றவள் அறிவுச்செல்வி. வயது இருபத்து நான்கு. நிலக்கோட்டைப் பக்கம் ஊர். விடிகாலையில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுவாள். வேனின் மேலிருந்து வீசும் மல்லிகை மூட்டைகளை ஒரு மொட்டு சிந்தாமல் இரண்டு கையாலும் வாங்கி இறக்குவாள். மார்க்கெட் முடிந்ததும் அதே பூ வேனில் ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்துவிடுவாள். கோல்கீப்பர் அணியும் கனத்த காற்பட்டைகளையும் தலைக்கவசத்தையும் மூட்டைகளுக்கு நடுவில் செருகிக் கொண்டுவருவதால், ஆட்டத்தின்போது அவள் மீது வியர்வைக்கு மேலாக மல்லிகை மணக்கும். எதிரணியின் பெண்கள் கோலை நெருங்கியதும் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாற்போல ஒரு நொடி தயங்குவார்கள் என்று அவளுடைய பயிற்சியாளர் பிராங்கிளின் சொல்வதுண்டு.

அவளுடைய அம்மா மாயம்மாளுக்கு மட்டும் இந்தக் கோல்கீப்பர் வேலை கடைசிவரை விளங்கவில்லை.

"அம்புட்டுப் பேரும் பந்த உள்ள போடணும்னு உசுரக் குடுத்து ஓடியாராளுக. நீ மட்டும் எதுக்குடி குறுக்க நின்னு அவளுக பொழப்பக் கெடுக்குற?"

"அதுக்குத்தாம்மா என்னைய நிக்க வச்சிருக்காக."

"நல்லா வச்சாக போ."

ஆனாலும் அம்மா தடுக்கவில்லை. மாநில அணியில் ஒரு தடவை ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம் என்று அறிவுச்செல்வி சொல்லியிருந்தாள். மாநிலத் தேர்வு முகாமுக்குப் போக இருபத்தைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஆகவே அவளுக்கு இருந்தது இந்த ஒரு வருடம்தான்.

அந்த வருடத்தில்தான் மண்டல இறுதி ஆட்டம் வந்தது. திண்டுக்கல் மண் மைதானம். பக்கத்து மாவட்ட அணி ஒரு கோல் முன்னால் நின்றது. இன்னும் ஒன்பது நிமிடம். அந்த நேரம் பார்த்து சென்டர் ஃபார்வர்டு கீர்த்தனா கணுக்கால் பிசகித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மாற்றாக ஆட வேண்டியவள் காய்ச்சல் என்று காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். பிராங்கிளின் நான்கு திசையும் பார்த்தார். பிறகு கோல் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏ அறிவு! வெளிய வந்து கால் பேடக் கழட்டு!"

"கழட்டிட்டு மாஸ்டர்?"

"ஃபார்வர்டா போயி ஆடு!"

"அப்ப கோல்ல யாரு நிக்க?"

"யாரும் வேணாம். மாதா பாத்துக்கிருவா!"

கோல்கீப்பரை எடுத்துவிட்டுப் பதினொரு பேரையும் களத்தில் ஆட விடுவதற்கு விதியில் இடமுண்டு. ஆனால் அந்த மைதானத்தில் அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அறிவுச்செல்வி எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பட்டைகளைப் பிய்த்தெறிந்தாள். கீர்த்தனாவின் மட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். காலில் இருந்த கனமெல்லாம் போனதும் தரை தன்னைத் தூக்கிவிடுவதுபோல அவளுக்கு இருந்தது. பத்து வருடமாக எதிரில் வரும் ஃபார்வர்டுகள் எந்தத் தோளைச் சாய்த்தால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துப் பார்த்துப் படித்தவள் அவள். இப்போது எதிரணிக் கோல்கீப்பர் என்ன நினைப்பாள் என்பது அவளுக்குத் தன் நினைப்பைப் போலவே தெரிந்தது. இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் தள்ளினாள். கோல்.

சமன் ஆன கையோடு எதிரணி பந்தைப் பறித்துக்கொண்டு ஆளில்லாத கோலை நோக்கிப் பாய்ந்தது. மாதாவை நம்பாமல் அறிவுச்செல்வியும் பின்னாலேயே பாய்ந்தாள். கோட்டைத் தொடப்போன பந்தை மட்டையை நீட்டி விழுந்து தடுத்தாள். முழங்கை உரிந்தது. எழுந்து மறுபடி முன்னால் ஓடினாள். கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னர். வந்த பந்தின் போக்கை லேசாகத் திருப்பிவிட்டாள், அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று.

மைதானமே கூச்சலிட்டது. கூச்சலிடாதவர் ஒருவர்தான். கழகத்தின் செயலாளர் மோகன்குமார். பெரியவர்கள் மகிழ்ச்சியிலும் நிதானம் இழப்பதில்லை. அவர் பிராங்கிளினைத் தனியே அழைத்தார்.

"ஜெயிச்சது சரி பிராங்கிளின். எந்த நிலையில ஜெயிச்சோம்?"

"ரெண்டுக்கு ஒண்ணு சார்."

"ஸ்கோர கேக்கல. அந்தப் புள்ள எந்த நிலையில ஆடி ஜெயிச்சுச்சு? கீப்பரா, ஃபார்வர்டா?"

"ரெண்டுலயுந்தான் சார்."

"அப்படி ஒரு நிலை படிவத்துல இல்லையே" என்றார் மோகன்குமார். ஹாக்கி என்பது மட்டையாலும் பந்தாலும் ஆடப்படுவது என்று நினைப்பவர்கள் பாமரர்கள். அது படிவத்தால் ஆடப்படுவது என்று அறிந்தவர் அவர்.

மாநில அணியில் அந்த ஆண்டு இரண்டே இடம் காலி. ஒரு கோல்கீப்பர், ஒரு ஃபார்வர்டு. ஒவ்வொரு மாவட்டமும் இரண்டுக்கும் தலா ஒரு பெயர் அனுப்பலாம். தேர்வு முகாம் கோவில்பட்டியில். படிவத்தில் 'ஆடும் நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பிராங்கிளின் 'கோல்கீப்பர் அல்லது ஃபார்வர்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் 'அல்லது' என்ற சொல் ஓர் அலுவலகத்தில் எத்தனை பெரிய கலவரத்தை உண்டாக்கும் என்று தெரியாதவர்.

மோகன்குமார் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். பொருள்: 'இருநிலைச் சிறப்பு இயலுமா என ஆராய்தல்'. இடம்: பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் கூட்ட அறை. அறிவுச்செல்வியும் பிராங்கிளினும் காலை பதினொரு மணிக்கே வந்து வராந்தாவில் காத்திருந்தார்கள். ஆராய்ச்சி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஒரு மணிக்குப் பிரியாணி உள்ளே போனது. அதன் மணம் வராந்தாவில் நின்று அவர்களை விசாரித்துவிட்டுப் போயிற்று. இரண்டரை மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

நடுவில் கழகத் தலைவர் இருதயநாதன். ஊரில் பெயர் பெற்ற மரக்கடைக்காரர். கதவும் நிலையும் ஜன்னலும் அவரிடம் வாங்காத வீடு குறைவு. ஹாக்கி ஆட்டம் ஒன்றையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அதனால்தான் அவருடைய கருத்தில் பாரபட்சம் கலப்பதில்லை என்று ஒருமனதாகத் தலைவராக்கியிருந்தார்கள்.

"உக்காரும்மா. ஒரு சந்தேகம். இந்த ஆட்டத்துல கையால பந்தத் தடுக்கலாமா?"

"கீப்பர் மட்டும் தடுக்கலாம் சார்."

"அப்ப மத்தவங்க கைய என்ன செய்வாங்க?"

"மட்டையப் பிடிச்சிருப்பாக சார்."

"ஓகோ" என்று தலைவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவருக்கு வலப்பக்கம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவர் பழனிக்குமார். ஒட்டன்சத்திரத்துக்காரர். மூன்று நாள் ஆன்லைன் பயிற்சியில் 'ஆளுமை அளவீட்டு வல்லுநர்' ஆனவர். அவரிடம் 'நிலைமானி' என்று ஒரு மென்பொருள் இருந்தது. பத்துக் கேள்வி கேட்டால் போதும், ஒருவர் எந்த நிலையில் ஆடப் பிறந்தவர் என்று அது சொல்லிவிடும். ஆடவைத்துப் பார்க்கும் பழைய காட்டுமிராண்டி வழக்கத்துக்கு இனி வேலை இல்லை.

"ஏனுங்க அம்மணி, பயப்படாம பதில் சொல்லோணும். மனசுல தோணுறதச் சொல்லுங்க. வூட்டுக்கு ஒருத்தர் வந்து கதவத் தட்டுறாருங்க. நீங்க தொறப்பீங்களா, மூடியே வெப்பீங்களா?"

அறிவுச்செல்வி யோசித்தாள். "யாரு வாராகன்னு பாப்பேன் சார்."

"அப்படி ஒரு பதில் இதுல இல்லீங்க. தொறந்தா தாக்கு மனம், மூடுனா தடுப்பு மனம்."

"கடன்காரரா சொந்தக்காரரான்னு தெரியாம எப்படி சார் சொல்ல?"

பழனிக்குமார் கணினியில் இரண்டையுமே தட்டினார். பிறகு, ரோட்டில் நாய் துரத்தினால் நிற்பாயா ஓடுவாயா என்றார். நாய் எம்புட்டுப் பெருசு என்று அவள் கேட்டாள். குழம்பில் உப்பு அதிகமானால் தண்ணீர் ஊற்றுவாயா, வேறு வைப்பாயா என்றார். தொட்டுக்கிற வெஞ்சனத்துல உப்பக் குறைச்சுக்கிருவேன் என்றாள். ஒவ்வொரு பதிலுக்கும் வல்லுநரின் நெற்றியில் ஒரு கோடு கூடியது. பத்தாவது கேள்வி முடிந்ததும் கணினியைத் தலைவர் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. தடுப்பு மனம் தொண்ணூத்தி நாலு. தாக்கு மனம் தொண்ணூத்தி ஆறு. மொத்தம் நூத்தித் தொண்ணூறுங்க."

"நல்ல மார்க்குதான?" என்றார் பிராங்கிளின்.

"மனுசனுக்கு நூத்துக்கு மேல வரக்கூடாதுங்க. இது வரம்பு மீறல். இப்படியொரு ஆள வெளையாட விட்டா மனசு ரெண்டாப் பொளந்துரும்னு பயிற்சியில சொல்லிக் குடுத்திருக்காங்க."

"மனசெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள் அறிவுச்செல்வி. "காலையில மார்க்கெட்டுல வேல பாக்குறேன், சாயங்காலம் வெளையாடுறேன். எதுவும் பொளக்கல."

"அது உங்களுக்கே தெரியாதுங்க அம்மணி."

அப்போதுதான் தலைவர் இருதயநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிற்காலத்தில் கழகத்தின் ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் அச்சாகப்போகும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நாப்பது வருசமா கடை வச்சிருக்கேன். அனுபவத்துல சொல்றேன். ஒரு நிலைக்கு ஒரு கதவுதான். ரெண்டு நிலைக்கு ஒரே கதவ மாட்ட முடியுமா?"

பழனிக்குமார் மடிக்கணினியை மூடிவிட்டார். தச்சுக்கலைக்கும் ஹாக்கிக்கும் இடையிலிருந்த மாபெரும் உறவு ஒரு நொடியில் வெளிப்பட்டுவிட்ட பிரமிப்பு அது.

"அந்த நிலை வேற, இந்த நிலை வேற சார்" என்றார் பிராங்கிளின் மெதுவாக.

"நிலைன்னா நிலைதான" என்றார் தலைவர்.

செயலாளர் மோகன்குமார் அவசரப்படும் ஆள் அல்ல. ஆட்டக்காரிக்கு அநீதி நேர்ந்துவிடக் கூடாது என்பதில் மிகுந்த அக்கறை கொண்டு, அங்கேயே இரண்டு துணைக்குழுக்களை அமைத்தார். கோல்கீப்பர் துணைக்குழு மேசையின் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. ஃபார்வர்டு துணைக்குழு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. இரண்டிலும் அதே மூன்று பேர்தான் என்பதால் நாற்காலிகள் பற்றாக்குறை ஏற்படவில்லை. இருபது நிமிடத்தில் இரண்டு அறிக்கையும் தயார்.

முதல் அறிக்கை: 'மேற்படி ஆட்டக்காரி மிகச் சிறந்த ஃபார்வர்டு எனத் தெரிய வருவதால், அவரைக் கோல்கீப்பராகப் பரிந்துரைத்து அன்னாரின் திறமையை வீணடிக்க இக்குழு விரும்பவில்லை.'

இரண்டாம் அறிக்கை: 'மேற்படி ஆட்டக்காரி மிகச் சிறந்த கோல்கீப்பர் எனத் தெரிய வருவதால், அவரை ஃபார்வர்டாகப் பரிந்துரைத்து அன்னாரின் திறமையை வீணடிக்க இக்குழு விரும்பவில்லை.'

அறிவுச்செல்வி இரண்டையும் இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நான் எதுலதான் சார் போறது?"

"உன் திறமையப் பாதுகாத்திருக்கோம்மா" என்றார் மோகன்குமார். "வெறுங்கையோட அனுப்பல. உனக்குன்னே ஒரு புது நிலை உண்டாக்கியிருக்கோம். 'உடைமைப் பொறுப்பாளர்'. முகாமுக்கு வரலாம். பையெல்லாம் நீதான் பாத்துக்கிறணும்."

வெளியே வந்ததும் பிராங்கிளின் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த வண்டிதான். அறிவுச்செல்வி படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. ஆட்டத்தில் கோல் வாங்கினால் பந்து எந்தப் பக்கமாக உள்ளே போனது என்று தெரியும். இதில் அதுகூடத் தெரியவில்லை. அதுதான் அவளை வாட்டியது.

"நான் மோசமா ஆடியிருந்தா எடம் கெடச்சிருக்குமா மாஸ்டர்?"

"ஒண்ணுல மட்டும் மோசமா ஆடியிருக்கணும்" என்றார் பிராங்கிளின். "தப்பு எம்மேலதான். அன்னைக்கு உன்னையக் கோல்லயே விட்டிருக்கணும்."

"தோத்திருப்போமே."

"தோத்துட்டுப் படிவத்த ஒழுங்கா நிரப்பியிருப்போம்."

ஒரு வாரத்தில் பட்டியல் இணையத்தில் வந்தது. திண்டுக்கல் மாவட்டம். கோல்கீப்பர்: மோ. தமிழ்மதி. ஃபார்வர்டு: தமிழ்மதி மோ.

தமிழ்மதி என்பவள் செயலாளர் மோகன்குமாரின் மகள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கேரம் போர்டில் கெட்டிக்காரி. தலைப்பெழுத்தைப் பெயருக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் போட்டதும், இணையதளம் அவளை இரண்டு ஆட்களாக அன்போடு ஏற்றுக்கொண்டது. கீப்பர் தேர்வு காலையில், ஃபார்வர்டு தேர்வு மாலையில். ஒன்றில் விழாவிட்டால் இன்னொன்றில் விழும் என்பது ஒரு தகப்பனின் கணக்கு. இதைப் பாசம் என்பதா, தீர்க்கதரிசனம் என்பதா என்று கழகத்தில் யாருக்கும் கேள்வி எழவில்லை.

பிராங்கிளின் பட்டியலைக் காட்டியபோது அறிவுச்செல்வி இரண்டு பெயரையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு, "நான் போறேன் மாஸ்டர்" என்றாள்.

"பை தூக்கவா?"

"ஆமா. அந்தக் கோவில்பட்டித் தரைய நான் பாத்ததே இல்ல."

கோவில்பட்டி மைதானம் நீலநிறச் செயற்கைப் புல். தண்ணீர் தெளித்து அதிகாலையிலேயே பளபளவென்று வைத்திருந்தார்கள். நம் ஊர் மைதானத்தில் கல்லில் பட்டுத் துள்ளும் பந்து இங்கே கோடு போட்டாற்போல ஓடியது. அறிவுச்செல்வி குனிந்து உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கழகம் அவளுக்காகவே உண்டாக்கிய நிலைக்குத் திரும்பி, பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தமிழ்மதி நகம் கடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளரும் மாநில அணிப் பயிற்சியாளருமான சண்முகத்தாய் முன்னாளில் நன்றாக ஆடியவர். கழுத்தில் விசில், கையில் பட்டியல். அவர் வந்ததும் அறிவித்தார்.

"தனித்தனியாத் தேர்வு வச்சா நேரமாகும். ஒவ்வொரு மாவட்டத்து ஃபார்வர்டும் அவங்க மாவட்டத்து கீப்பருக்கே பத்து பந்து அடிக்கட்டும். ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துருவேன்."

மோகன்குமாரின் முகத்திலிருந்த இரத்தம் எங்கோ அவசர வேலையாகப் போனது. அவர் பைகளிடம் விரைந்து வந்தார்.

"அறிவு, எம்மா, செத்த நேரம் அந்த ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுக் கோல்ல நில்லு."

"யாரா நிக்க சார்?"

"மோ. தமிழ்மதியா."

"அப்ப பந்தடிக்கப்போறது?"

"அது தமிழ்மதி மோ."

அறிவுச்செல்வி எழுந்து நின்றாள். "ஒருத்தியால ரெண்டு நிலையில ஆட முடியாதுன்னு நீங்கதான சார் தீர்மானம் போட்டீக. இப்ப ஒருத்தியவே ரெண்டு ஆளா எழுதிட்டு, அதுல ஒரு ஆளா என்னைய நிக்கச் சொல்றீக?"

"சத்தம் போடாத. ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு யாருக்குத் தெரியப்போகுது? அடுத்த வருசம் உன் பேரத்தான் அனுப்புவேன்."

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும் சார்."

அந்தப் பக்கம் விசில் ஊதியது. திண்டுக்கல், திண்டுக்கல் என்று கூப்பிட்டார்கள். அவள் மைதானத்தைப் பார்த்தாள். மாட்டேன் என்றால் பைகளோடு பஸ் ஏற வேண்டியதுதான். இந்த நீலத் தரையில் ஒரு தடவை நின்றுவிட்டுப் போகலாம் என்று ஆசை கேட்டது; அடுத்தவள் பெயரில் நிற்பதா என்று இன்னொன்று கேட்டது. ஆசைதான் வென்றது. பட்டைகளைக் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றாள். கண் மட்டும் தெரிந்தது.

தமிழ்மதி மட்டையோடு எதிரே வந்தாள். முற்றம் பெருக்குகிறவள் விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்திருந்தாள். முதல் வீச்சில் மட்டை காற்றை அடித்தது. இரண்டாவது வீச்சில் பந்து நான்கு அடி உருண்டு, மேற்கொண்டு போக விருப்பமில்லாமல் நின்றது. மூன்றாவதாக அடிக்கப் போனவள் அடிக்காமல் கோல் பக்கம் நடந்து வந்தாள்.

"அக்கா, எனக்குப் பந்தப் பாத்தாலே பயமா இருக்கு. அப்பா சும்மா வந்து நின்னா போதும்னாரு. என் பேரு ரெண்டு தடவ இருக்குன்னு இங்க வந்துதான் எனக்கே தெரியும்."

"நான் என்ன புள்ள செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள் தமிழ்மதி. மட்டையைத் தரையில் வைத்தாள். அப்பா அங்கிருந்தே கையை ஆட்டி ஆட்டிக் காட்டியதைப் பார்க்காமல், நேரே சண்முகத்தாயிடம் போனாள்.

"மேடம், இதுல இருக்கிற ரெண்டு தமிழ்மதியும் நாந்தான். நான் கேரம் ஆடுறவ. கோல்ல நிக்கிறது அறிவுச்செல்வி அக்கா. அவங்கதான் நெசமா ஆடுறவங்க."

சண்முகத்தாய் பட்டியலைப் பார்த்தார். கோலைப் பார்த்தார். "பட்டியல்ல இல்லாதவ உள்ள நிக்கா. ரெண்டு தடவ இருக்கிறவ வெளிய போறேங்கா. என்ன ஊருய்யா உங்க ஊரு?"

மோகன்குமார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இக்கட்டான நேரத்தில்தான் நிர்வாகத் திறமை வெளிப்படும்.

"மேடம், தட்டச்சுப் பிழை."

"எது?"

"பேரு."

"எந்தப் பேரு?"

"ரெண்டும்."

அந்த அம்மாள் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "பிழைன்னா திருத்திருங்க. ரெண்டு எடத்துலயும் அடிச்சிட்டு இந்தப் புள்ள பேர எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பிழை இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே நான் மேல எழுதணும்."

மோகன்குமார் பேனாவைத் திறந்தார். கோல்கீப்பர்: அறிவுச்செல்வி. ஃபார்வர்டு: அறிவுச்செல்வி. இரண்டு கையெழுத்து. அவசரத்தில் இரண்டும் இரண்டு ஆள் போட்டதுபோல இருந்தன.

மற்ற மாவட்டத்து ஃபார்வர்டுகள் மாறி மாறி அடித்த பத்து பந்தில் எட்டை அறிவுச்செல்வி தடுத்தாள். ஒன்பதாவதைக் காலால் தட்டியது இன்னும் விரலில் வலித்துக்கொண்டிருக்கும்போதே பட்டைகளைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளூர் கோல்கீப்பருக்கு எதிரே அவள் அடித்த பத்தில் ஐந்து உள்ளே போயின. இன்னொன்று கம்பத்தில் பட்டு அந்தப் பெண்ணின் முதுகில் விழுந்து அவளே உள்ளே தள்ளிக்கொண்டது. அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று சண்முகத்தாய் கேட்டதற்கு, "வேணாம் மேடம், பாவம், அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும்" என்றாள்.

"கீப்பராத்தான் எடுத்திருக்கேன்" என்றார் அந்த அம்மாள் சாயங்காலம். "ஃபார்வர்டுல எவளாவது விழுந்தா விசில் அடிப்பேன். பட்டையக் கழட்டிட்டு ஓடியாரணும். புரியுதா?"

புரிந்தது. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். மாயம்மாள், "திரும்பவும் குறுக்கதான் நிக்கச் சொல்றாகளா?" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

தேசியப் போட்டியில் தமிழக அணிக்கு மூன்றாவது இடம். ஏழு ஆட்டத்தில் இரண்டு தடவை விசில் ஊதியது. இரண்டு தடவையும் அவள் ஓடினாள். ஒரு தடவை கோல் போட்டாள், ஒரு தடவை போடவில்லை. சான்றிதழ் கைக்கு வந்தது. வேலைக்கு மனுவும் போட்டாகிவிட்டது.

திண்டுக்கல்லில் கழகத்தின் சார்பில் பாராட்டு விழா. மண்டபத்தின் வாசலில் பத்தடி உயர ஃபிளெக்ஸ். அதில் மோகன்குமார் ஹாக்கி மட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். மட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் சிரிப்பு சரியாக இருந்தது. 'இருநிலை வீராங்கனையைக் கண்டெடுத்த கண்ணோட்டமே!' என்று கீழே எழுத்து. அறிவுச்செல்வியின் படம் வலது மூலையில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது.

மேடையில் மோகன்குமார் நாற்பது நிமிடம் பேசினார். ஒரே ஆள் இரண்டு நிலையில் ஆட முடியும் என்று முதன்முதலில் உலகுக்குச் சொன்னதே தாம்தான் என்றார். அன்றைய ஆட்டத்தில் அவளைக் கோலிலிருந்து வெளியே வரச் சொன்னதும் தாமே என்றார். கடைசி வரிசையில் நின்ற பிராங்கிளின் தன் செருப்பைப் பார்த்தார். கோவில்பட்டியில் எத்தனை எதிர்ப்பு வந்தும் தம் கைப்பட அவள் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுதி உள்ளே அனுப்பியதாகவும் சொன்னார். அதில் பொய் இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்மதி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

பிறகு, நன்றி சொல்ல அறிவுச்செல்வியை அழைத்தார்கள். அவள் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ஒரு ஆளு ரெண்டு நிலையில சிறந்து விளங்க முடியுமான்னு கேட்டுக் கூட்டம் போட்டாக. முடியும். நான் பெருசா ஒண்ணும் செஞ்சிறல. என்னையவிட ரெண்டு நிலையிலயும் சிறந்தவரு இங்கயே இருக்காரு. நம்ம செயலாளர் மோகன்குமார் சார்தான்."

மண்டபம் கைதட்டியது. மோகன்குமார் எழுந்து நின்று, கும்பிட்டுவிட்டு, தாமும் கைதட்டினார். தட்டல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் உள்ள வரப் பாத்தப்ப, கீப்பரா நின்னு மறிச்சாரு. நான் கோல் போட்ட பெறகு, ஃபார்வர்டா ஓடியாந்து கையத் தூக்குறாரு."